இடப்பக்கம்

மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பால்வெட்டுக்கு இறங்கும்போது
ரெனின் வலப்பக்கம் பார்த்துத் தூங்குவான்.
ஷீட் அடித்து முடித்து
புளித்த நாற்றத்தோடு வீடு திரும்பும்போதும்
அதே வலப்பக்கம்தான்.
அலட்டாத பிள்ளை என்று சொல்லிக்கொண்டோம்.

ஏப்ரல் கடைசியில், குளிப்பாட்டும்போது,
பெனிற்றாவின் உள்ளங்கைதான் கண்டுபிடித்தது:
பின்மண்டை வலப்புறம் தட்டை.
வலக்காது கொஞ்சம் முன்னே.
இடக்கழுத்தில், தோலுக்கடியில்,
ஒரு புளியங்கொட்டை.

அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை.
யார் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று
வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.
தசை இறுகியிருக்கிறது, கட்டி தானாகக் கரையும்,
மண்டை இன்னும் பச்சை மண்.
தக்கலையில் பிசியோ மேடம் கை வைத்துக் காட்டினார்:
ஒரு கை தோளில், ஒரு கை தலையில்.
இழுக்கக்கூடாது.
வருகிற தூரம்வரை கூட்டிக்கொண்டு போய்
அங்கே நிற்கணும். முப்பது எண்ணணும்.

பதினெட்டு வருஷம் மரத்தில் கத்தி வைத்த கை இது.
ஒரு நூல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம்,
ஒரு நூல் குறைந்தால் சிரட்டையில் பாலில்லை;
இருட்டிலும் அளவு தெரியும்.
அவன் அலறியதும்
பதினொன்றில் விட்டுவிட்டேன்.
பெனிற்றா கண்ணை மூடிக்கொண்டு
மீதிப் பத்தொன்பதையும் எண்ணினாள்.

பிறகு வீடே இடப்பக்கம் சாய்ந்தது.
கட்டிலைத் திருப்பினோம்.
வலப்பக்கச் சன்னலை உரச்சாக்கு மூடியது.
கிலுக்கு, சிவப்புத் துண்டு, மாதக் காலண்டர்
எல்லாம் இடது சுவரில்.
பாலூட்டவும் அவள் மடி மாற்றிப் பிடித்தாள்.
பக்கத்துவீட்டு ஷோபி கடுகு நிரப்பிய தலையணை தந்தாள்;
தலையணையே கூடாது, மல்லாந்துதான் தூங்கணும்
என்று மேடம் சொல்லிவிட்டதால்
மூன்று மாதம் அந்தக் கடுகில் தாளித்தோம்.
ஜெபிக்க வந்த பாஸ்டர் வலப்பக்கம் நின்றார்.
"இந்தப் பக்கம் வந்து ஜெபியுங்க பாஸ்டர்,"
என்றாள் பெனிற்றா.
அவரும் பைபிளோடு கட்டிலைச் சுற்றி வந்தார்.
ரெனின் கடைசிவரை டியூப்லைட்டைத்தான் பார்த்தான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் குப்புற.
பாயில் போட்டால் அழுகை,
என் நெஞ்சில் போட்டால் கொஞ்சம் குறைவு.
தலையை ஆமைபோல் தூக்குவான்,
என் தாடையில் வழிய விடுவான்,
திரும்பவும் முகம் புதைத்துக்கொள்வான்.

மாதம் பதினைந்தாம் தேதி
தையல்பெட்டியிலிருந்து இரண்டு நூல்.
நெற்றி இடமூலையிலிருந்து பின்மண்டை வலமூலைக்கு ஒன்று,
மாற்றி இன்னொன்று.
இரண்டையும் காலண்டரில், அந்த மாதத்தின்மேல்,
டேப் போட்டு ஒட்டுவாள்.
மே மாத வித்தியாசம் சுண்டுவிரல் நகம்.
ஜூனில் ஒரு நெல்.
ஜூலையில் அரை நெல்லா, முக்கால் நெல்லா என்று
அடுத்த சண்டை.

ஜூன் முழுக்க மழை.
மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையென்றால் கூலியில்லை.
கடைக்காரன் நோட்டில் எங்கள் பக்கம் நிரம்பியது.
வீட்டில் சும்மா இருந்த என் கைகள்
நாளைக்கு ஆறுதடவை கழுத்துக்குப் போயின.
முப்பதுவரை எண்ணப் பழகியது அந்த மழையில்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள், கரண்ட் இல்லாத மூன்று மணி.
நெற்றி விளக்கோடு கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
வெளிச்சம் இடது சுவரில் ஓடியது,
காலண்டர்மேல் போய் நின்றது.
ரெனின் விழித்திருந்தான்.
யாரும் தொடவில்லை.
கன்னம் பாயை ஒட்டி, தாடை தோளுக்கு வர
இடப்பக்கம் திரும்பி
வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்.
முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது,
தலையை அசைக்கப் பயந்து அப்படியே நின்றேன்.
அன்று முதல் வரிசை மரங்களை
விடிந்த பிறகுதான் வெட்டினேன்.

இப்போது ஓடுகிறான்.
முடி நனைந்தால் மட்டும்
தேடுகிறவர் கண்ணுக்குக் கொஞ்சம் தட்டை தெரியும்.
நாங்கள் இன்னும் தேடுகிறோம்.

நேற்று அவன் சட்டையில் பொத்தான் போயிற்று.
தையல்பெட்டியில் வெள்ளை நூல் தீர்ந்திருந்தது.
பெனிற்றா போன வருஷக் காலண்டரில்
ஜூன் மாதத்தைப் புரட்டி, டேப்பை உரித்தாள்.
ஒன்று எட்டவில்லை.
இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் தைத்தாள்.