வெள்ளைக் காலுறை

மில்பா ஆல்தா சந்தையில்
எனக்கு அடுத்த கடை எர்மெலிந்தாவுடையது.
சப்பாத்திக்கள்ளி மட்டையை இடது உள்ளங்கையில் கிடத்தி
கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பு;
முள்ளெல்லாம் காலடியில் உதிரும்.
நான் காலுறை விற்பவன்.
வேடிக்கை பார்க்க நேரம் நிறைய.

"சர்க்கரையா? வெறும் வயித்துல அரைச்சுக் குடி.
அரை எலுமிச்சை பிழிஞ்சுக்க.
கொழகொழப்பை வடிகட்டிடாதே, சத்தே அதுலதான்."
டாக்டரம்மா என்பார்கள் வாடிக்கையாளர்கள்.
சிரித்தபடி ஒரு மட்டை கூடுதலாகப் போடுவாள்.

"அப்ப மாத்திரையை விட்டுடலாமா?"
கேட்டான் ஒரு பஸ் டிரைவர்.
அன்று மட்டும் கத்தி நின்றது.
"விட்டவர் ஒருத்தர் எங்க வீட்ல இருந்தார்."
யாரென்று சொல்லவில்லை.
அவன் மட்டைகளை எண்ணிக் கட்டினாள்,
முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

நேற்று கடை கட்டும் நேரம்
அவள் நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
தள்ளி இன்னொன்று.
தராசு வரைக்கும்.
செருப்பைக் கழற்றச் சொன்னேன்.
முள் முழுசாக உள்ளே. எத்தனை நாளோ.

"வலிக்கவே இல்லையே!" என்றாள்
நல்ல சேதி சொல்வதுபோல.
சொன்னது தன் காதிலேயே விழுந்ததும்
பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளையில் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன்,
கறுப்பில் ரத்தம் தெரியாது.
காசு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்;
வாங்காவிட்டால் பயந்துபோவாள்.

ஷட்டரை நான்தான் இறக்கினேன்.
கிளினிக் போகும் வண்டியில்
நொண்டாமல் ஏறினாள், அதுதான் எனக்குத் தாளவில்லை.
மடியில் ஒரு பை கள்ளி,
முள் சீவியது.
நர்ஸுக்காம்.