ஏழாம் குழியில் தாமதம்

முன்பு
நிறுத்துவதுதான் எனக்கு வேலை.
கல்குடாப் பக்கக் கடவையில்
ஒரு தகரக் கொட்டில், ஒரு சிவப்புக் கொடி,
நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
உதயதேவி போய் முடியும்வரை
உழவு மெசினையும் மீன் வேனையும்
மறித்து வைத்திருப்பேன்.
பிந்துவது ரயில்.
ஏச்சு விழுவது எனக்கு.

இப்போது நகர்த்துவது வேலை.
ஹோட்டல்காரர் பற்றையை வழித்துப் புல் பதித்த
ஒன்பது குழி மைதானம்.
ஒரு பழைய சைக்கிள், ஒரு கைக்கடிகாரம்,
நெஞ்சில் குத்திய அட்டையில்
"சந்திரமலர், மார்ஷல்".
"பொலிசிலயாகா சேர்ந்த நீ?" என்று
பக்கத்து வளவுப் பாக்கியம் கேட்டாள்.
கிட்டத்தட்ட அப்படித்தான்,
லத்தி மட்டும் இல்லை.

ஒரு குழிக்குப் பதினைந்து நிமிடம்,
ஒன்பதுக்கும் இரண்டேகால் மணி.
மனேஜர் தந்த கணக்கு.
"நீங்க முதல்ல", "இல்லையில்லை நீங்க" என்று
நாலு பேரும் மரியாதை பார்த்து நின்றால்
பொழுது பட்டுவிடும்.
ஆயத்தமானவர் அடியுங்கோ சேர்.
மட்டைப் பையை அடுத்த குழிப் பக்கம் வையுங்கோ.
எண்ணிக்கையை நடந்துகொண்டே எழுதுங்கோ.
பந்து பற்றைக்குள் போனால் மூன்று நிமிடம்;
நாலாவது நிமிடம்
அது பற்றையின் பந்து.
ஒத்திகை வீச்சு ஒன்று போதும்.
மர்சூக் ஹாஜியார் ஐந்து வீசுவார்,
சூடடித்த களத்தில்
காற்றுக்குக் காத்து நிற்பவர் போல.
ஆறாவதில் பந்து பத்தடி போகும்.

அந்தச் சனிக்கிழமை
ஆறாம் குழியில் கொழும்பாட்கள் நாலு பேர்
இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.
அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம்.
ஏழில் ஒருவரும் அசையவில்லை.
ஹாஜியாரின் ஆட்கள்தான், வேறு யார்.
சைக்கிளை உழக்கினேன்,
சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு.

"இஞ்ச வந்து பாருகா, மறுகா பேசு"
என்றார் டொக்டர் கிருபைரத்தினம்.

மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்டு
நாலு முட்டை.
இரண்டு விரல் தள்ளி
ஹாஜியாரின் பந்து,
வெளுத்துப் பிறந்த ஐந்தாவது போல.
தலைக்கு மேலே ஆட்காட்டி
ஒவ்வொருவராய்க் காட்டிக்கொடுத்துக் கத்தியது.

"எடுத்தால் தண்டனை உண்டா?"
"உண்டு." "இல்லை."
மிஸ்டர் ஒக்கர்ஸ் சட்டப் புத்தகத்தை எடுத்தார்.
கண்ணாடியைத் தேடினார்.
கண்ணாடி முதலாம் குழியில்.
கையை நீட்டித் தூரப் பிடித்து வாசித்தார்.
பாம்பு அகப்பட்டது, எறும்பு அகப்பட்டது,
ஆட்காட்டி அகப்படவில்லை.
வங்கி யசோதரா மிஸ் சொன்னா,
"நான் கூகிளில் பார்க்கட்டா?"
சிக்னல் இல்லை.

பதினெட்டு நிமிடம்.

சைக்கிள் கரியரில்
பழைய சிவப்புக் கொடி இன்னும் கிடந்தது,
மழைக்குச் சீற் துடைப்பதற்கு.
மூங்கில் கம்பில் கட்டி
முட்டைக்கு ஒரு முழம் தள்ளி ஊன்றினேன்.
"புதுப் பந்து இந்தப் பக்கம் போடுங்கோ.
கணக்கில் சேராது. நடவுங்கோ."
எந்தச் சட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கடவையில் பழகிய குரல் அது,
லொறிக்காரனையே பிறேக் பிடிக்க வைத்தது.

பின்னாலிருந்து ஒரு கொழும்பான் கத்தினான்,
"என்ன, ரயில் வருதா?"
"ஓம், நாலு பெட்டி" என்றேன்.

மனேஜரின் கொப்பியில் எழுதினேன்:
ஏழாம் குழி. தாமதம் இருபத்திரண்டு நிமிடம்.
காரணம்: நாலு முட்டை.
அவர் இரண்டு தரம் வாசித்தார்.
மூக்கைச் சொறிந்தார்.
கையெழுத்து வைத்தார்.

மறுகா நடந்ததுதான் புதினம்.
ஏழில் ஒருவரும் நின்று பேசுவதில்லை.
ஐந்து வீச்சு இல்லை.
குனிந்து புல்லின் சாய்வு பார்ப்பதில்லை.
நின்றால் ஆட்காட்டி தலைக்கு வரும்.
அடி, நட, போ.
ஒன்பது நிமிடத்தில் குழி முடிகிறது.
நான் எட்டு மாதமாய்க் கெஞ்சியதை
அது சம்பளமில்லாமல் செய்கிறது.

முட்டை பொரிக்கிற வரைக்கும்
எனக்கு ஒரு குழி குறைவு.
எட்டாம் குழி மேட்டில்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறேன்.
தூரத்தில் உதயதேவி ஊதுகிறது.
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
நாற்பது நிமிடம் பிந்தி.

வரட்டும்.
அது என் கொப்பியில் இல்லை.