அமர்வு இரண்டு, கட்டுரை ஒன்பது

கொடைக்கானல் ஓட்டலில் கருத்தரங்கம்.
கூடத்தில் ஹீட்டர் வைத்திருந்தார்கள்.
என் ஷூவில் மட்டும் கூக்கால் சேறு.

தலைமை விருந்தினர்
வத்தலக்குண்டு தாண்டிக் கொண்டைஊசி வளைவில்
வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால்
என் பதினைந்து நிமிடம் நான்காகிவிட்டது.
மூன்று மழைக்காலம், நூற்றுப் பன்னிரண்டு இரவு,
காலுறைக்குள் குடித்துக் கொழுத்த அட்டைகள்,
எட்டு மாதமாய் வராத உதவித்தொகை
இதெல்லாம் ஸ்லைடில் இல்லை.
ஸ்லைடில் ஒரு வரைபடம்.
அதன்மேல் முதலில் நெறியாளர் பெயர்.

தவளையின் குரலை அழுத்தினேன்.
ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை.
சரியென்று
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்து
நானே கூப்பிட்டேன்:
டிக். டிக்டிக். டிக்.
பின்வரிசை சிரித்தது.
ஒருவர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார்.
மணி அடித்துவிட்டார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று:
"இதனால விவசாயிக்கு என்னம்மா பிரயோசனம்?"
வாயைத் திறப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

சான்றிதழில்
திரு. சகாயராணி.

கடைசி பஸ்.
பூம்பாறையில் ஏறிய விதைப்பூண்டு மூட்டை ஒன்று
கூக்கால் வரை என் மடியில்.

இரவு பதினொன்று நாற்பது.
சோலை ஓரம், ஆறாம் எண் கட்டம்.
ரெக்கார்டர் ஓடுகிறது.
மூடுபனி சொட்டுவதைத் தவிர
அதில் ஏற ஒன்றுமில்லை.
ஏனோ
டிக். டிக்டிக். என்றேன்.

மூன்றடி தள்ளி, பெரணிக்குள்ளிருந்து,
டிக்.

பேனா எழுதவில்லை.
பென்சிலால் குறித்தேன்:
ஆய்வாளர் குறுக்கீடு.
இந்தப் பதிவு கணக்கில் சேராது.