மூன்று வேளை

இரவு இரண்டே கால்.
ஆஸ்பத்திரியின் இந்தப் பக்கம் விழித்திருப்பது
குளிர்பதனப் பெட்டியும் நானும்.
நான்டக்கெட் தீவை மூடுபனி மூடிவிட்டால்
ஹெலிகாப்டர் வராது.
படகு காலையில்தான்.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, உலர்த்தி,
ஊதாச் சாயமேற்றி
லென்சுக்கு அடியில் வைத்தேன்.
சிவப்பணுக்களுக்குள்
கல் பதிக்காத மோதிரங்கள்.
மலேரியாவோ என்று நினைத்த நேரத்தில்
ஓர் அணுவுக்குள் நான்கு,
மூக்கோடு மூக்கு ஒட்டி, சிலுவையாக.
மலேரியா இப்படி நிற்காது.
பெபீசியா.

உண்ணி என்று பேர்தான்.
ஆயுளில் அது உண்பது மூன்றே வேளை.

முதல் வேளை, வெள்ளைக்கால் சுண்டெலி.
அந்தப் பந்தியில்தான் இதுவும் உள்ளே போனது.
உண்ணியின் குடலில் ஆணாகி, பெண்ணாகி, கூடி,
எச்சில் சுரப்பியில் போய் ஒடுங்கி
பனிக்காலம் முழுக்க மூச்சுக் காட்டாமல் கிடந்தது.
உண்ணியை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வேளைக்கு
கசகசா அளவு உடம்போடு புல்நுனியில் ஏறி
முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு நின்றது.
அதற்குப் பாயத் தெரியாது, பறக்கத் தெரியாது.
யாராவது உரசிக்கொண்டு போகவேண்டும்.

மூன்றாம் வேளை மான்.
அதுவரை இது பிழைத்ததா, தெரியவில்லை.

சீட்டைத் திருப்பினேன்.
ஜெனிவால்டோ. நாற்பத்தொன்று. தோட்ட வேலை.
காய்ச்சல் ஒன்பது நாள்.
சிறுநீர் கட்டன் காப்பி நிறம்.
மண்ணீரல் இல்லை:
இருபத்திரண்டு வயதில், பிரேசிலில்,
மோட்டார் சைக்கிள்.

ஜூன் மாதம்
என் வீட்டுப் பின்புறப் புதரை வெட்டியவன்.
நான்தான் கூப்பிட்டேன்.
மகன் தவழத் தொடங்கியிருந்தான்,
எனக்கு உண்ணி பயம்.
மூன்று மணி நேரம், நூற்றெண்பது டாலர், ரொக்கம்.
கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.
கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகச் சொன்னேனா?
சொன்ன ஞாபகம்.
சொல்ல நினைத்த ஞாபகம்.

இந்த ஊரில் அவன் வெட்டாத புதர் கிடையாது.
எந்தப் புல் என்று யார் சொல்ல முடியும்?
இதையும் எனக்கு நானே
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

நூறு அணுக்களில் எத்தனை என்று எண்ண வேண்டும்.
பத்தைத் தாண்டினால் மருந்து மட்டும் போதாது,
இரத்தத்தையே மாற்றவேண்டிவரும்.
பாஸ்டனில்தான் முடியும்.
பதினொன்று.
புதுக் கண்ணாடி எடுத்து மறுபடி எண்ணினேன்,
ஒன்பது வரட்டும் என்று
எண்ணும்போதே பேரம் பேசினேன்.
பதினொன்று.

ஐந்தரைக்குப் பனி கிழிந்தது.
தள்ளுபடுக்கையில் போனான்,
மஞ்சள் மருந்து உதட்டோரம் காய்ந்திருந்தது.
கண் திறந்தான். அடையாளம் தெரிந்துவிட்டது.
"மேடம், பின்பக்கம் திரும்ப வளர்ந்திருக்குமே?
அடுத்த வாரம் வரட்டுமா?"

வளரவே இல்லை என்றேன்.

முழங்கால் உயரம் நிற்கிறது.