நாற்பத்தொரு பவுண் அறுபது பென்ஸ்

ஆவணியில் கழகத்தை ஒரு பவுணுக்கு விற்றார்கள்.
பகிடி இல்லை, ஒற்றைப் பவுண்.
கடனும் கூடவே போனது.
கம்பளி ஆலைக்காரரின் மகன் கைகுலுக்கிவிட்டு
பின்வாசலால் காருக்குப் போனார்.
கண் கலங்கியதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள்.
நான் பார்க்கவில்லை. எனக்கு அந்நேரம்
இருபத்திரண்டு சோடிக் காலுறை உலர்த்தியில்.

புது முதலாளி மைதானத்தின் நடுவில் நின்று
ஒலிவாங்கியில் எங்கள் ஊரைக் "கீலி" என்றார்.
எழுத்தைப் பார்த்தால் எவரும் அப்படித்தான் சொல்வர்;
நானும் வந்த வருசம் அப்படிச் சீட்டுக் கேட்டு
பஸ் சாரதியிடம் சிரிப்பு வாங்கினவள்.
ஆயிரத்து நானூறு வாய் ஒன்றாய்த் திருத்தியது:
"கீத்லி!"
அந்தப் பருவம் முழுக்க
அவ்வளவு ஒற்றுமையாய் நாங்கள் வேறெதையும் கத்தவில்லை.

மேற்கு மாடத்தின் அடியில் என் அறை.
மூன்று சலவை இயந்திரம், ஒரு சூட்டு அழுத்தி,
மிச்சமெல்லாம் சேறு.
யோர்க்‌ஷயர் சேறு தனிச் சாதி, வெந்நீருக்கு மசியாது.
மானேஜரின் மேலங்கியில் இரண்டு எழுத்து ஒட்டுவேன்,
நெஞ்சுக்கு இடப்பக்கம்.

டி.எச். என்றால் டெஸ்மண்ட் ஹார்க்கர்.
ஐப்பசியில் அவரைத் தொலைபேசியால் நீக்கினார்கள்.
கார் தரிப்பிடத்தில் நின்றே கேட்டு முடித்தார்,
பின் இருக்கையில் நாய் குரைத்தபடி.
மேலங்கியைத் தானே மடித்துக் கொண்டுவந்து தந்து
"ஜிப் கொஞ்சம் சிக்கும்" என்றார்.

சூடு வைத்து உரித்தால் எழுத்து வந்துவிடும்.
அதன் கீழிருந்த துணி மட்டும் வெளிறாது.
உரித்த இடத்தில் அதே எழுத்து, கருநீலமாய்.

அதன்மேல் ஏ.கே., டென்மார்க்கிலிருந்து.
சுவரெல்லாம் அம்புக்குறி. தோற்ற இரவிலும்
சலவைக் கூடைக்கு நன்றி சொல்லிப் போகிற மனிதன்.
மார்கழி தாண்டவில்லை.
அதன்மேல் சி.எல். முப்பத்துநான்கு நாள்.
முகம் நினைவில்லை, கழுத்துப்பட்டியில் விக்ஸ் மணம்.

தையில் சம்பளம் பிந்தியது, மாசியில் வரவேயில்லை.
சோப்புத்தூள்காரன் லொறியைத் திருப்பிக்கொண்டு போனான்.
அஸ்டாவில் என் காசில் நாலு பெட்டி வாங்கி
பில்லை ஆணியில் குத்தினேன்.
முதலாளியின் முகவரி தேடிப் போனவர்கள்
ஒரு தபால்பெட்டி இலக்கத்தோடு திரும்பினார்கள்.

பங்குனியில் கணக்கர்கள் வந்து
கதிரையை எண்ணினார்கள், கொடிக்கம்பை எண்ணினார்கள்,
கடன் கொடுத்தோர் பட்டியல் போட்டார்கள்.
வரித் திணைக்களம். பியர் கம்பனி. பஸ் கம்பனி.
கடைசி வரியில் அரசி நவரத்தினம், சோப்புத்தூள்,
நாற்பத்தொரு பவுண் அறுபது பென்ஸ்.
ஒரு காற்பந்துக் கழகம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது!
வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
அதே கிழமை பன்னிரண்டு புள்ளி கழித்தார்கள்.
பந்து நகராமலே நாலு வெற்றி போனது.

வேறு எவரும் வரச் சம்மதிக்கவில்லை.
கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்
ட்ரெவர் பிக்கிள்ஸ்தான் மிச்சம்.
"கறி முடிந்தால் எங்கள் வீட்டிலும் ஊறுகாய்தான்" என்றேன்.
பாதி புரிந்து முழுதாய்ச் சிரித்தார்.
எழுத்து ஒட்டவா?
"வேண்டாம், அதுக்கும் காசு."
மூன்று பேரின் நிழலை நெஞ்சில் போட்டுக்கொண்டு
கோட்டோரம் நின்றார். ஜிப் சிக்கியது.

வைகாசி, கடைசி ஆட்டம், மழை. ஒரு கோல் போதும்.
எண்பத்தாறாம் நிமிடம் ஓவன் சட்கிளிஃப்,
பத்தொன்பது வயது, சம்பளமில்லா மாதங்களில்
தாயின் காரில் பயிற்சிக்கு வந்த பொடியன்,
தலையால் முட்டினான்.
கம்பத்தின் உட்புறம் பட்டு
பந்து கோட்டின்மேல் நின்று யோசித்தது.
யோசித்து, வெளியே வந்தது.

அவன் ஜெர்சியை அன்றிரவு கையால் தோய்த்தேன்.
இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.

ஆடியில் இன்னொரு முதலாளி.
படியிறங்கி என் அறைக்கு வந்த முதல் ஆள்.
"உங்களுக்கு ஏதோ பாக்கியாமே" என்று
நாற்பத்தைந்து நீட்டினார்.
மூன்று பவுண் நாற்பதை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.
ஊரின் பெயரைச் சொல்லச் சொன்னேன்.
சரியாகச் சொன்னார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி,
அதில் இரண்டு எழுத்து.
இன்றைக்கே ஒட்ட முடியுமா?
அழுத்தி இன்னும் சூடாகவில்லை என்றேன்.