எண் 87

ரயில்வே கேட் மூடினால்தான் எனக்கு வியாபாரம்.
நீடாமங்கலத்தில் எஞ்சினைக் கழற்றி,
முன்னே போய்ப் பின்னே வந்து
மறுமுனையில் மாட்டி நகர்வதற்குள்
பேருந்திலிருந்து இறங்கி வருவார்கள்,
தலைவலி மாத்திரைக்கு, குளுக்கோஸுக்கு,
பெரும்பாலும் சில்லறைக்கு.

கல்லாவின் அடித்தட்டில்
ரப்பர் பேண்டு போட்ட பதினொரு அட்டைகள்.
பபுள்கம்மோடு, பிஸ்கட்டோடு, ஒருமுறை பற்பசையோடு
இலவசமாக வந்தவை.
நட்சத்திரம் யாரும் கிடையாது. அவர்களைக் கொடுத்துத்தான்
இவர்களை வாங்கினேன்.
சிக்ஸர் நாயகர்கள் மூவருக்கு
கூத்தாநல்லூர் ஹாஜா நஜிமுதீன் ஒருவர்:
பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் தூக்கியது இரண்டு சீசன்.
மாற்றிக்கொண்ட பையன் தெருமுனை வரை போய்த்
திரும்பி வந்து கேட்டான்,
"அக்கா, நெசமாத்தானா?"

விதி ஒன்றுதான்.
மூணாறு தலைப்பில் பிரிகிற தண்ணீரில்
ஏதாவது ஒன்றைக் குடித்து வளர்ந்திருக்க வேண்டும்.
வெண்ணாற்றுக்கு ஹாஜா.
பாமணியாற்றுக்கு ஈட்டி எறிகிற செங்கமலம்.
கோரையாற்றுக்குப் பூப்பந்து ஞானசௌந்தரி.
அவள் அட்டையில் 'திருத்துறைபூண்டி' என்று
ஒற்றை விட்டு அச்சிட்டிருந்தார்கள்.
நான் பேனாவைத் தொடவில்லை.
பிழையோடு இருந்தால்தான் அசல்.

எண் 87, நாடிமுத்து. கபடி. இந்த ஊர்.
மாற்று ஆட்டக்காரர்.
பின்பக்கத்தில்: பாடிச் சென்றது 4, எடுத்த புள்ளி 1.

அந்த ஒரு புள்ளியை நான் நிறைய யோசித்திருக்கிறேன்.
யாரைத் தொட்டார், கையாலா காலாலா,
நடுக்கோட்டில் விரல் பட்டபோது
மூச்சு எவ்வளவு மிச்சம்.
சுருட்டை முடி. இடது புருவத்தை அறுக்கும் தழும்பு.
பன்னிரண்டு வருஷமாக, கடையில் ஆளில்லாத மதியங்களில்,
அந்த முகம் எனக்குப் பழக்கம்.

தை கடைசி. சம்பா அறுவடை.
கேட் விழுந்தது. நெல்மூட்டை லாரியிலிருந்து ஒருவர்
காலை அகட்டி அகட்டி இறங்கி வந்து
மூட்டுவலிக் களிம்புக்குச் சீட்டை நீட்டினார்.
நாடிமுத்து. ஆண். 47.

புருவத்தைத்தான் முதலில் பார்த்தேன்.
தழும்பு இல்லை.
முடி, அறுத்த தாள் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.
என்னிடம் இருக்கும் எந்தக் களிம்பும்
அப்படி ஒரு தழும்பை அழிக்காது.

அட்டையை எடுத்து வைத்தேன்.
தொடாமல் குனிந்து பார்த்தார்.
அப்புறம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.
"பேரு நான். ஆளு சேலத்து அர்த்தனாரி.
அவன் அட்டையில என் மூஞ்சி.
மாத்தி அடிச்சுட்டானுவ.
அத வாங்கணும்னு நாப்பது பபுள்கம் பிரிச்சேன்,
தாடை வலிச்சதுதான் மிச்சம்."

"அந்த ஒரு புள்ளி?"

"அது என்னுது."
இதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்தார்.
"போனஸ். யாரையும் தொடல."

கேட் தூக்கிவிட்டார்கள். பின்னால் ஒரே ஹாரன்.
நான் காசு கேட்க மறந்தேன், அவர் மறக்கவில்லை.
எண்பத்தைந்து ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
அட்டையை என் பக்கம் தள்ளினார்.
"நீங்களே வச்சுக்குங்களேன்."
"அர்த்தனாரி மூஞ்சிய வச்சு நான் என்ன பண்ண?"

இப்போது தேடுவது எண் 88.
பெயரும் ஊரும் சேலத்துடையவை.
மேட்டூரில் திறப்பதுதானே இங்கே வருகிறது,
பிரிவதற்கு முந்தைய தண்ணீர் என்று
விதியைக் கொஞ்சம் மேற்கே நீட்டிக்கொண்டேன்.
ஈரோட்டில் ஒருவரிடம் இருக்கிறதாம்.
ஹாஜாவைக் கேட்கிறார், தரமாட்டேன்.

மாசி பிறந்தும் லாரி ஓடுகிறது.
கேட் விழும்போது ஜன்னலில் ஒரு கை நீளும்,
உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பும்:
கிடைச்சுதா?
நானும் கவுண்டருக்கு மேலே கையைத் திருப்பிக் காட்டுவேன்.
எஞ்சினை இன்னும் கழற்றவில்லை.
நேரம் இருக்கிறது.