ப்ளஸ் இரண்டரை

ஹுஃபூஃபில், வணிகச் சபையின் இரண்டாம் மாடியில்,
பிஷ்த் தைக்கும் தொழிலின் நிலை என்ன என்று
கேட்டறியும் கூட்டம்.
ஆறு வட்ட மேசை. மேசைக்கொரு பேரீச்சைத் தட்டு.
குறிப்பெடுக்கும் வேலை எனக்கு.
அரபியில் ஒருவர் மூச்சு வாங்குவதற்குள்
ஆங்கிலத்தில் என் விரல் முடித்திருக்க வேண்டும்.
தமிழுக்கு மிஞ்சுவது
ஏசி இருமும் நேரம் மட்டும்.

வந்தவர் எல்லோருக்கும் பங்குதாரர் என்று பெயர்.
எவ்வளவு பங்கு என்று
கேள்வித்தாளில் கட்டமில்லை.

ஆர்டருக்குப் பஞ்சமில்லை, எழுதிக்கொள் என்றார்
கைசரிய்யா கடைக்காரர் ஹாஜி தாஹிர்.
மாப்பிள்ளைகள் பிறந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.
சிக்கல் வேறு:
இயந்திரம் கடித்துத் துப்பிய சரிகையைக்
கைவேலை என்று விற்கிறான் பக்கத்துக் கடைக்காரன்.
பக்கத்துக் கடைக்காரர் எதிரில்தான் இருந்தார்.
பேரீச்சங்கொட்டையை நிதானமாகத் தட்டில் வைத்தார்.

கைவேலை என்றால் என்ன?
நாற்பது நிமிடம் போயிற்று அதற்கு.
முக்கால்வாசி கையால் செய்தால் போதுமே
என்றாள் ரியாத்திலிருந்து வந்த வடிவமைப்பாளர் ரீதால்.
எந்த முக்கால்? என்று கேட்டார் உம்மு ஜுமானா.
கழுத்துப் பட்டியா, தோளா?
கடைசியில் சுத்தியலால் தட்டி மினுக்குவதா?
ரீதால் பேனாவை மூடினாள்.
நான் எழுதினேன்: வரையறை பரிசீலனையில்.

உம்மு ஜுமானா
வீட்டிலிருந்தே தைக்கும் பதினேழு பெண்களுக்காக வந்திருந்தார்.
ஆறாவது மேசையை விரலால் காட்டினார்.
கூலியைக் கீழே இழுத்தது அவர்கள்.
ஒரு கழுத்துக்கு நான் கேட்பதில் பாதிக்கு
அவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆறாவது மேசை: வெளிநாட்டுப் பணியாளர்.
வேலை முடித்துத் தாமதமாக வந்த மூவர்.
இருவர் எல்லாம் நல்லாயிருக்கு சார் என்று
இரண்டு மொழிகளில் சொன்னார்கள்.
மூன்றாமவர் தொண்டிக்காரர், ஹபீபுல்லா.
பதினாலாம் கேள்வியை, கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து,
பிறகு கிட்டக் கொண்டுவந்து,
பிறகு என்னிடம் நீட்டினார்.
"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?
ராத்திரி வேலைன்னா இழை ரெண்டாத் தெரியுது.
ஊசி ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும்,
அதை நம்பித்தான் குத்துறேன்."

மொழிபெயர்த்தேன்.
ஆலோசகர் நதீம் தலையாட்டினார்:
உட்கட்டமைப்புக்குக் கீழே போடுங்கள்.
போட்டேன்.

அப்போது ஏதோ உரசும் சத்தம்.
உம்மு ஜுமானா எழுந்துபோய்
ஆறாவது மேசையில் கேள்வித்தாளை விரித்து
அதன்மேல் தன் கண்ணாடியை வைத்து
அவர் பக்கம் தள்ளினார்.
கையிலிருந்து கைக்கு அல்ல,
தாளின் மேல், ஒரு தட்டைத் தள்ளுவதுபோல.
ப்ளஸ் இரண்டரை, என்றார் என்னிடம். சொல்.

ஹபீபுல்லா காதில் மாட்டினார்.
கேள்வியை அவர் படிக்கவில்லை.
மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி
விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார்.
"இது மெஷின் தையல். எட்டாவது இழையில தாண்டியிருக்கு."
ஹாஜி தாஹிர் எட்டிப் பார்த்தார்.
பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.
நாற்பது நிமிட வரையறை
அந்த ஓரத்தில் ஒரு கணம் நின்றது.

இதை எங்கே எழுதுவது?
அவர் பேசியது பதிலில் சேராது.
அந்த அம்மா செய்தது பரிந்துரையில் சேராது.
மணியைப் பார்த்தேன்.
இடைவேளை, பத்து நிமிடம்
என்று அடித்து வைத்தேன்.

கண்ணாடி அதே தாளில் திரும்பி வந்தது.
முந்தானை இல்லாத ஊர்,
கறுப்பு அபாயாவின் ஓரத்தால் துடைத்து
மாட்டிக்கொண்டு,
நான் தட்டச்சுக்குத் திரும்புகிறேனா என்று பார்த்துக்கொண்டு,
உம்மு ஜுமானா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்:
பாதிக் கூலிக்கு உட்காருவதைப் பற்றி.

ஹபீபுல்லா என்னைத் தொட்டார்.
"என்ன சொல்றாங்க?"
முழுவதையும் சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அவங்க எவ்வளவு கேக்குறாங்கன்னு கேளு தம்பி.
நானும் அதையே கேக்குறேன்."